நூல் முடிச்சு உயரத்தில் ஒரு படி

காஜா பேராங், மலாக்கா
12-5-1957

அஞ்சலைக்கு,

உன் வீட்டுக்காரன் மாணிக்கவாசகம் தன் கையாலேயே எழுதுவது. எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். மேட்டில் பாரம் இழுக்கும் மாடு மாதிரி ஒவ்வொரு எழுத்தும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. சீதா, நீ சிரிக்காமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

நீ சுகமா? சீதாவும் கைப்பிள்ளையும் மாப்பிள்ளை சேதுபதியும் சுகமா? இங்கே எல்லோரும் சுகம்.

பிரசவம் பார்க்க நீ தெலுக் ஆன்சனுக்குப் புறப்பட்ட மறுவாரம் கோயில் மண்டபத்தில் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். பேரப்பிள்ளைகளின் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கிச் சாக்குகளில் எழுதியிருந்ததை இத்தனை வருடமும் மாட்டோடு சேர்ந்து நானும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா? நேற்று கடைத்தெருவில் எல்லாப் பலகையையும் வாசித்துக்கொண்டே நடந்தேன். மளிகைக்கடையில் நின்று, "பாய், உங்க பேரு கடை மேலயே எழுதியிருக்கு!" என்றேன். காதர் மைதீன் தராசைக் கீழே வைத்துவிட்டு, "முப்பது வருஷமா அங்கதான்யா தொங்குது. நீங்க இப்பத்தான் வர்றீங்க" என்றார்.

இன்னொரு செய்தி. நம் பிள்ளை நடராஜனுக்குத் தண்ணீர் இலாகாவில் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. கார் வாங்க வேண்டும் என்கிறான். மாட்டையும் வண்டியையும் விற்ற பணம் சும்மாதான் கிடக்கிறது, அதையும் சேர்த்துக்கொள் என்றேன். நம் வீட்டில் நீயும் நானும் அவனும் மருமகள் ருக்மணியும் ஐந்து பிள்ளைகளும். அவன் பார்த்துவைத்திருப்பதோ நாலு பேர் உட்காரும் கார். நீ வந்துதான் நியாயம் சொல்ல வேண்டும். எப்போது வருகிறாய்?

உன்
மாணிக்கவாசகம்


தெலுக் ஆன்சன்
26-5-1957

நடராஜன் அப்பாவுக்கு,

அஞ்சலை சொல்லச் சொல்ல சீதா எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? முழங்கால் வலிக்கு எண்ணெய் போடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை சீதா மூன்று முறை வாசித்தாள். பிறகு நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் உங்கள் கை என்று தெரிந்தது. கடைசி வரி மேலே ஏறிப் போகிறது, நீங்கள் நடப்பது போலவே.

நான் இப்போது வருவதற்கில்லை. பிள்ளைக்குப் பல் முளைக்கும் நேரம். சீதா ஒற்றை ஆளாக என்ன செய்வாள்? இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். வாசலில் கிடக்கும் என் செருப்பு வீணாகிறது, ருக்மணியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கார் விஷயத்தில் பிள்ளையோடு சண்டை பிடிக்காதீர்கள்.

அஞ்சலை


தெலுக் ஆன்சன்
28-5-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

சீதா எழுதுகிறேன். இது அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்கு எழுத மாட்டேன் என்று பிள்ளையின் தலையில் அடித்து என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சாமி என்னை மன்னிக்கட்டும்.

ஏப்ரல் கடைசியில் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். இடது கையும் காலும் வராமல் போய்விட்டன. உயிருக்குப் பயமில்லை அப்பா. பேச்சும் புத்தியும் பழையபடிதான். தோட்டத்து மருத்துவமனையில் டாக்டர் பார்த்தார், அங்கே வேலை பார்க்கும் உங்கள் மாப்பிள்ளைதான் கூடவே இருந்து மருந்து கொடுத்தார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறார். இனி இதற்குமேல் பெரிதாகத் தேறாது என்கிறார்கள்.

ஊருக்குப் போகலாம் அம்மா, ரயிலில் தூக்கி ஏற்றிவிடுகிறோம் என்று உங்கள் மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "என்னை நாலு பேரு தூக்குறது ஒரே ஒரு தடவதான். அது வரைக்கும் யாரும் தொடக் கூடாது. என் கால்ல ஏறத் தெரிஞ்சா வர்றேன், இல்லாட்டி இங்கேயே இருக்கேன்." பஸ் படியும் ரயில் படியும் அவரால் முடியாது.

உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்டேன். "அவருக்கு இப்பத்தான் பள்ளிக்கூடம் போற வயசு வந்திருக்கு. கெடுக்காதே" என்கிறார்.

உங்கள் மகள்
சீதா


காஜா பேராங், மலாக்கா
7-7-1957

என் மகள் சீதாவுக்கு அப்பா எழுதுவது. மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகம்தானே? இதை மாப்பிள்ளையின் மருத்துவமனை முகவரிக்கே போடுகிறேன்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. சிலேட்டில் அம்மா பெயரை எழுதுவேன், அழிப்பேன். வாத்தியார், "என்னங்கய்யா, ஒரே சொல்லா?" என்று கேட்டார். இன்னும் சரியாக வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ சொன்னதை நடராஜனிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா மறைக்க விரும்பினால் மறைக்கட்டும். அவள் சொன்னதும் நியாயம்தான். அவளைத் தூக்கிக்கொண்டு வர மாட்டோம்.

ஒன்று செய். அவள் யார் கையும் பிடிக்காமல் எந்தப் படியில் தானாக ஏறுகிறாள் என்று பார். அந்தப் படியின் உயரத்தை ஒரு நூலில் அளந்து, முடிச்சுப் போட்டு எனக்கு அனுப்பு. காளை வாங்கப் போகிறவன்கூடத் தன் வண்டியின் நுகத்தடி உயரத்தை அளந்துகொண்டுதான் சந்தைக்குப் போவான்.

அப்பா


தெலுக் ஆன்சன்
20-7-1957

அப்பா, நலம்.

நூல் இதனுள் இருக்கிறது. அடுக்களை வாசற்படிதான் அம்மாவால் முடிகிறது. வலது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து ஏறுகிறார். அதற்குமேல் ஒரு விரற்கடைகூட முடியாது. நான் அளந்தபோது தூங்குவது போலத்தான் இருந்தார்.

சீதா


காஜா பேராங், மலாக்கா
18-8-1957

அஞ்சலைக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எல்லோரும் சுகம். பிள்ளைக்குப் பல் வந்துவிட்டதா?

இந்த ஊரில் கார் விற்கும் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கிவிட்டேன். நடராஜன் இனி என்னோடு வர மாட்டேன் என்கிறான். கதையைக் கேள்.

முதலில் கூபுவில் ஒரு கடை. பழைய வேன் ஒன்று நின்றது. மாடு படுத்து எழுவதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். கடை முதலாளியிடம், "தவுக்கே, இன்ஜினை அணைங்க. நல்லா ஆறட்டும். மறுபடி எப்படி எழும்புதுன்னு பார்க்கணும்" என்று சொல்லி, மதியம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரன் நடராஜனிடம், "உங்க அப்பாக்குக் காபி வேணுமா, பாய் வேணுமா?" என்று கேட்டான். ஆறியபின் முடுக்கினால் அது இருமியது, எழும்பவில்லை. அந்தக் கடையில் நல்லதாக இன்னொரு வேன் இருந்தது. விலை பேசத் தோள் துண்டை எடுத்துக் கையில் போட்டு அவன் முன்னால் நீட்டினேன். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தானே விலை பேசுவது? அவன், "தெரிமா காசிலா, ஐயா!" என்று நன்றி சொல்லித் தன் கையிலிருந்த கறுப்பு எண்ணெயை எல்லாம் என் துண்டில் துடைத்துக் கொடுத்துவிட்டான்! திருவிழாவுக்கு நீ வாங்கித் தந்த துண்டு. ருக்மணி மூன்று முறை சோடா உப்புப் போட்டு வெளுத்தும் போகவில்லை.

"அப்பா, இது மாட்டுச் சந்தை இல்ல. என் மானத்த வாங்காதீங்க" என்று நடராஜன் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

பிறகு பூங்கா ராயாவில் இன்னொரு கடை. அங்கே ஜெர்மன் நாட்டு வேன் ஒன்று. முகம் தட்டை, மூக்கே இல்லை. இன்ஜின் எங்கே என்று கேட்டால் பின்னால் கொண்டுபோய்க் காட்டுகிறான். மாட்டை வண்டிக்குப் பின்னால் கட்டி ஓட்டுவார்களா? தொடாமலேயே வந்துவிட்டேன்.

மற்ற வேன்களுக்கெல்லாம் படி உயரம். சின்னப் பிள்ளைகள் ஏற வேண்டும் அல்லவா, அதனால் படி தாழ்வாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறேன். பக்கத்தில் கதவு இருந்தால் நல்லது. பிடித்து ஏற வசதியாக ஒரு கம்பியும் வேண்டும். படிதான் முக்கியம்.

உன்
மாணிக்கவாசகம்


தெலுக் ஆன்சன்
5-9-1957

நடராஜன் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். சுதந்திரத்தன்று இங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ரேடியோவில் கூட்டம் சத்தம் போட்டதைக் கேட்டுக் கைப்பிள்ளையும் சத்தம் போட்டது. அங்கே ஊர்வலம் போனீர்களா? வெயிலில் நின்றீர்களா?

துண்டு கதையைக் கேட்டுச் சிரித்ததில் எனக்குப் புரை ஏறிவிட்டது. நடராஜன் பாவம். அவன் சம்பாதிக்கிற பிள்ளை, அலுவலகத்துக்குப் போகிறவன். ஆசைப்படும் சின்னக் காரையே வாங்கிக் கொடுங்கள். நம் பேரப்பிள்ளைகள் குரங்குகள். கூரையில்கூட ஏறுவார்கள், அவர்களுக்கு எதற்குத் தாழ்ந்த படி? ஒரே கடிதத்தில் படி, படி என்று எத்தனை தரம் எழுதியிருக்கிறீர்கள்!

நான் அந்த வண்டியில் ஏறப் போகிறேனா என்ன. இங்கே பிள்ளைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. தீபாவளிக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

அஞ்சலை


காஜா பேராங், மலாக்கா
29-9-1957

சீதாவுக்கு அப்பா எழுதுவது. மாப்பிள்ளை கையிலிருந்து வாங்கியதும் தனியாகப் படி.

நடராஜன் போன வாரம் அந்தச் சின்னக் காரை ஓட்டிப் பார்க்க வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். தெருவே கூடிவிட்டது. மறுநாள் முன்பணம் கட்டுவதாக ஏற்பாடு. அவனுக்கு எப்படிச் சொல்வேன்? உன் சத்தியம் ஒரு பக்கம், அம்மா பிடிவாதம் ஒரு பக்கம். ருக்மணியைக் கூப்பிட்டேன்.

"ஆயி, பின் சீட்டுல ஏறி உட்காரு. ஆனா இடது கையத் தூக்கக் கூடாது. இடது கால ஊனக் கூடாது."

"என்ன மாமா, நொண்டியாட்டமா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். முன் சீட்டை மடக்கி, குனிந்து, ஒற்றைக் காலால் நுழையப் பார்த்தாள். தலை இடித்தது. இன்னொரு முறை பார்த்தாள். முடியவில்லை. எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "அத்தைக்கா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். தெருவாசலிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நடராஜன் காரின் மறுபக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "நூல எங்க வச்சிருக்கீங்க? கடை கடையா நீங்க எதையோ அளந்தத பார்த்தேன். பைத்தியம்னு நினைச்சேன்ப்பா" என்றான்.

ருக்மணிதான் கேட்டாள்: "மாட்டப் பின்னால கட்டின வேன அளந்தீங்களா மாமா?" நான் அளக்கவே இல்லை, சீதா. இன்ஜினைப் பார்த்த கோபத்தில் படியைப் பார்க்காமல் வந்துவிட்டேன். என் புத்தியைப் பார்.

மூவருமாகப் போனோம். அந்த வேனில் இன்ஜின் பின்னால் போய்விட்டதால் பக்கவாட்டில் அகலமான கதவு, உள்ளே மேடு பள்ளம் இல்லாத தரை. நூலை வைத்தோம். முடிச்சைவிட இரண்டு கையளவு உயரம். எனக்கு முகம் வாடிவிட்டது. நடராஜன் தரையில் மண்டியிட்டு அடியில் பார்த்தான். "அப்பா, நம்ம வண்டிக்கு நீங்க வச்சிருந்த மாதிரி ரெண்டு பலகைப் படி அடிச்சா?" என்றான். என் பிள்ளை அல்லவா.

விலை பேச நேரம் வந்தது. தவுக்கே இறங்கவே இல்லை. துண்டை எடுக்க எனக்குக் கூச்சம், கறை வேறு. நடராஜனே என் தோளிலிருந்து எடுத்து என் கையில் போட்டான். தவுக்கே விழித்தான். ஆனால் கடைக்குள் சாய்வு நாற்காலியில் இருந்த அவன் தகப்பன் துண்டைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார். புக்கிட் பாருவில் தோட்டம் வைத்து ஒரு காலத்தில் மாடு வாங்கி விற்றவராம். "அப்பா, நீங்க போய் உட்காருங்க" என்று மகன் மலாயில் சொல்வதைக் காதில் வாங்காமல் கையைத் துண்டுக்குள் விட்டார். என் விரலைப் பிடித்தார். நான் அவர் விரலைப் பிடித்தேன். இரண்டு கிழவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் எட்டி எட்டிப் பார்க்கிறான், "பெராப்பா? பெராப்பா?" என்று எத்தனை என்று கேட்டுக் குதிக்கிறான். கடைசியில் பெரியவர், "இந்த வண்டி யாருக்கு?" என்று கேட்டார். "வீட்டுக்காரிக்கு. கால் சரியில்ல" என்றேன். அவர் என் ஒரு விரலை மடக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தார். முடிந்தது.

விலையைக் கேட்காதே. துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வது வழக்கம் இல்லை. நடராஜன் மட்டும் கேட்டுவிட்டு, "இனிமே அலுவலக டெண்டருக்கும் துண்டுதான் அப்பா" என்றான்.

உஜோங் பாசிர் பட்டறையில் பலகைப் படி இரண்டும் கைப்பிடிக் கம்பியும் போட்டாயிற்று. ஒவ்வொரு படியும் முடிச்சுக்கு ஒரு விரல் தாழ்வு. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அப்பா


தெலுக் ஆன்சன்
8-10-1957

நடராஜன் அப்பாவுக்கு,

அஞ்சலை சொல்ல சீதா எழுதுவது. இப்போது அழுதுகொண்டே எழுதுகிறாள், எழுத்து கலைந்திருந்தால் அவளைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் அவளுக்குத் தனியாக எழுதியதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லையே உங்களுக்கு?

நான் ஏறுகிற அடுக்களைப் படியை ஒருத்தி நூல் வைத்து அளக்கிறாள். ரவிக்கைக்கா அளவு எடுக்கிறாள் அங்கே? கண்ணை மூடிக்கொண்டால் தூக்கம் என்று நினைத்துவிட்டாள். அடுத்த மாதம் உங்களிடமிருந்து படி படி என்று கடிதம் வருகிறது. நான் பள்ளிக்கூடம் போகாதவள்தான். அதற்காக இது கூடவா தெரியாது?

தெரிந்தும் வர மாட்டேன் என்றுதான் எழுதினேன். இந்தக் காலை உங்களுக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. பாதி ஆளாக வந்து அந்த வீட்டில் என்ன செய்யப் போகிறேன் என்று இருந்தது. ஆனால் துண்டைக் கையில் போட்டுக்கொண்டு ஊர் சிரிக்கக் கடை கடையாக அலைந்திருக்கிறீர்கள்.

வாருங்கள். ஆனால் ஒன்று. ஏறும்போது யாரும் கை நீட்டக் கூடாது. நீங்களும்தான்.

அஞ்சலை


காஜா பேராங், மலாக்கா
3-11-1957

அஞ்சலைக்கு,

நீ நலம். அதை இங்கிருந்தே பார்க்கிறேன். அடுக்களை வாசலில் முருங்கைக் கீரையை ஒரு கையால் உருவிக்கொண்டு, ருக்மணிக்கு உப்பு போதாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். நானும் நலம்.

யாருக்கு எழுதுகிறேன் என்று சற்று முன் கேட்டாய். உனக்குத்தான் என்றதும், "நான் இங்கதானே இருக்கேன், வாயில சொன்னா ஆகாதா?" என்கிறாய். வாயால் சொல்ல எனக்கு வந்திருந்தால் இத்தனை வருடத்தில் சொல்லியிருக்க மாட்டேனா? முந்திய கடிதங்களை உனக்கு சீதா வாசித்தாள். மகள் வாயில் வரக் கூடியதைத்தான் எழுத முடிந்தது. இதை நானே வாசித்துக் காட்டுவேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின்.

நீ ஏறியதைத்தான் முதலில் எழுத வேண்டும். சேதுபதி வீட்டு வாசலில் வேனை நிறுத்தி எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். நடராஜன் தன் கையைத் தானே இறுக்கிப் பிடித்திருந்தான். நீ கம்பியைப் பிடித்தாய். வலது காலை வைத்தாய். வழுக்கியது. என் கை தன்னால் முன்னுக்கு வந்துவிட்டது, நீ முறைத்தாய், மறுபடி கட்டிக்கொண்டேன். இரண்டாம் முறை ஏறினாய். இடது கால் பின்னாலேயே இழுபட்டு வந்து சேர்ந்தது. இரண்டாவது பலகை, பிறகு உள்ளே. சீட்டில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் என்ன வேடிக்க பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? வண்டிய எடு" என்றாய். மலாக்கா வரைக்கும் நான் சீட்டில் சாய்ந்தே வந்தேன். நான் தூங்கினேன் என்று நினைத்திருப்பாய். நானும் உன் வீட்டுக்காரன்தானே, உன்னைப் போலக் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

இனிமேல் உள்ளதை சீதா வாசிப்பாள் என்று எழுதாமல் வைத்திருந்தேன். உன் செருப்பை நான் ருக்மணிக்குக் கொடுக்கவில்லை. நீ புறப்பட்டபோது அது தெருவைப் பார்த்துக் கிடந்தது. உன் உடம்பைப் பற்றி சீதா எழுதியது கிடைத்த அன்று, அதை எடுத்துத் துடைத்து, வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பெருக்கும்போது பிள்ளைகள் மாற்றிப் போட்டுவிடுவார்கள். மறுபடி திருப்பி வைப்பேன். செருப்பு வீட்டைப் பார்த்திருந்தால் ஆளும் உள்ளேதான் இருப்பாள் என்று ஒரு எண்ணம். வேறொன்றும் இல்லை.

பாதி ஆள் என்று எழுதச் சொன்னாய் அல்லவா? நீ வந்த அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் தேட வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை. பாதி ஆளாக இருந்தது யார் என்று நீயே சொல்.

கீரையை வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறாய். நான் கை நீட்டவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ இங்கு வருவதற்குள் இதை மடித்துவிட வேண்டும். நாளைக் காலையில் வாசிக்கிறேன். நீ எங்கும் போய்விடாதே, அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன்.

உன்
மாணிக்கவாசகம்